ஒரே ஒரு உதை!

குட்டீஸ், விளையாட்டு மைதானத்தில் உங்களுக்கு இப்படி எப்போதாவது நடந்திருக்கிறதா?

ஆட்டம் முடியப் போகிறது. ஒரே ஒரு பந்துதான் பாக்கி. எல்லாரும் உங்களையே பார்க்கிறார்கள். 'இவன் அடிச்சிடுவான்டா' என்று நண்பர்கள் கை தட்டத் தயாராக நிற்கிறார்கள். ரொம்ப சுலபமான பந்து. கண்ணை மூடிக்கொண்டு கூட அடித்துவிடலாம். ஆனால்... கோட்டை விட்டுவிடுகிறீர்கள்! அன்றைக்கு ராத்திரி சாப்பாடு இறங்கியிருக்காது. போர்வைக்குள் புகுந்துகொண்டு, 'அய்யோ, இன்னொரு தடவை அந்தப் பந்து கிடைக்காதா' என்று ஏங்கியிருப்பீர்கள்.

உங்களைப் பார்த்தவர்கள் மிஞ்சிப் போனால் பதினைந்து, இருபது பேர். ஆனால் இங்கிலாந்தில் ஒருவருக்கு இதே கதி 87,100 பேர் கண் முன்னால் நேர்ந்தது. டிவி பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்திருந்த லட்சக்கணக்கானவர்கள் தனி. அவர் பெயர் டான் ஃபாக்ஸ். நாள்: 1968-ம் ஆண்டு மே மாதம் 11-ம் தேதி. இடம்: லண்டனில் இருக்கும் புகழ்பெற்ற வெம்ப்ளி மைதானம்.

கோல் கம்பங்களுக்கு நேர் எதிரே பந்து. கம்பங்களுக்கு நடுவே இடைவெளி சுமார் ஐந்தரை மீட்டர். ஒரு லாரியே தாராளமாகப் புகுந்து போகலாம்! தரையிலிருந்து 3 மீட்டர் உயரத்தில் ஒரு குறுக்குக் கம்பி. அதற்கு மேலே பந்து பறந்து போனால் போதும். கோப்பை அவர் அணிக்கு. அவ்வளவுதான் வேலை.

என்ன ஆனது என்று உடனே சொல்லிவிட்டால் எப்படி? கொஞ்சம் பொறுங்கள். முதலில் அந்த விளையாட்டைத் தெரிந்துகொள்வோம். அதற்கும் ஒரு சுவையான சண்டைக் கதை இருக்கிறது.

ஆறு ஷில்லிங் சண்டை

ரக்பி என்றால் உங்களுக்குத் தெரிந்திருக்கும். முட்டை வடிவப் பந்தைக் கையில் கட்டிப் பிடித்துக்கொண்டு ஓடுவார்கள். எதிர் அணிக்காரர்கள் பாய்ந்து விழுந்து மடக்குவார்கள். ஆனால் ரக்பி ஒன்றல்ல, இரண்டு! ஒன்று ரக்பி யூனியன். ஒரு அணிக்கு 15 பேர். இன்னொன்று ரக்பி லீக். அதில் 13 பேர்.

ஏன் இரண்டு? 19-ம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் ரக்பி என்பது காசு வாங்காமல் ஆட வேண்டிய விளையாட்டு. ஆட்டத்துக்காக ஒரு பைசா வாங்கினாலும் குற்றம் என்று லண்டனில் இருந்த சங்கம் சொன்னது. தெற்குப் பக்கத்து வசதியான வீட்டுப் பிள்ளைகளுக்கு அதில் கஷ்டம் இல்லை. வடக்கே கதை வேறு. அங்கே ஆடியவர்கள் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளிகள், நூல் ஆலைத் தொழிலாளிகள், துறைமுகத்தில் மூட்டை தூக்குபவர்கள். சனிக்கிழமை ஆட்டத்துக்குப் போனால் அன்றைய கூலி போய்விடும். வீட்டில் அடுப்பு எரியாது.

'ஆடப் போகும் நாளில் இழக்கிற கூலியை மட்டுமாவது கொடுக்கிறோமே' என்று வடக்கத்திக் கிளப்புகள் கேட்டன. 1893-ல் ஓட்டெடுப்பு நடந்தது. 'முடியாது' என்று கை விரித்துவிட்டார்கள். அப்புறம் என்ன? 1895 ஆகஸ்ட் 29 அன்று ஹடர்ஸ்ஃபீல்டு என்ற ஊரில், ஜார்ஜ் ஓட்டலில் கிளப்புகள் கூடின. 'உங்கள் சங்கமும் வேண்டாம், சகவாசமும் வேண்டாம்' என்று தனிக்கட்சி ஆரம்பித்துவிட்டன! வேலையை விட்டு வந்து ஆடும் நாளுக்கு 6 ஷில்லிங் வரை கொடுக்கலாம் என்று முடிவானது. அந்தக் கூட்டம்தான் பிற்பாடு ரக்பி லீக் ஆனது. 1906-ல் ஆட்டக்காரர்களை 15-லிருந்து 13 ஆகக் குறைத்து, ஆட்டத்தை வேகமாக்கினார்கள்.

இப்போது விதிமுறையைக் கொஞ்சம் பார்த்துவிடுவோம். எதிர் அணியின் கோட்டைத் தாண்டிப் போய்ப் பந்தைத் தரையில் அழுத்திவிட்டால் அதற்கு 'ட்ரை' என்று பெயர். ட்ரை என்றால் முயற்சி. விளையாட்டில் புள்ளி எடுத்ததற்குப் போய் 'முயற்சி' என்று ஏன் பெயர் வைத்தார்கள்? நல்ல கேள்வி! ஆரம்ப காலத்தில் பந்தைத் தரையில் அழுத்தினால் ஒரு புள்ளியும் கிடையாது. 'கோல் கம்பத்துக்கு மேலே பந்தை உதைக்க முயற்சி செய்துகொள்' என்று ஒரு வாய்ப்பு மட்டும் கொடுப்பார்கள். அந்தப் பெயரே ஒட்டிக்கொண்டது.

1968-ல் ஒரு ட்ரைக்கு 3 புள்ளிகள். ட்ரை எடுத்ததும் கோல் கம்பத்தை நோக்கி ஒரு உதை உதைக்கலாம். உள்ளே போனால் கூடுதலாக 2 புள்ளிகள். இதற்குக் கன்வர்ஷன் என்று பெயர். எதிர் அணி தப்பாட்டம் ஆடினால் பெனால்டி. அதையும் கம்பத்துக்கு மேலே உதைத்தால் 2 புள்ளிகள். இந்த 3, 2 கணக்கை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

இன்னொரு விஷயம். ஓடுபவரை மடக்கிப் பிடித்துவிட்டால் ஆட்டம் நின்றுவிடாது. அவர் எழுந்து, பந்தைத் தரையில் வைத்து, காலால் பின்னுக்குத் தள்ளித் தன் அணிக்காரரிடம் கொடுப்பார். மறுபடி ஓட்டம். பந்தைக் கையால் முன்னால் எறியவே கூடாது. பின்னால் வருபவருக்குத்தான் தர வேண்டும். முன்னேறுவதற்குப் பின்னால் எறிய வேண்டும்! வேடிக்கையாக இல்லை?

மூன்று நரிகள்

யார்க்ஷயர் பகுதியில், வேக்ஃபீல்டு நகரத்துக்குப் பக்கத்தில் ஷார்ல்ஸ்டன் என்று ஒரு கிராமம். ஊருக்கு அடியில் நிலக்கரி. ஊர் மக்களுக்குச் சுரங்கத்தில் வேலை. பொழுதுபோக்கு என்ன? ரக்பி லீக், ரக்பி லீக், ரக்பி லீக்!

அந்த ஊரில் ஃபாக்ஸ் குடும்பம். அப்பா டாமி ஃபாக்ஸ் ஆட்டக்காரர்தான். அவருக்கு மூன்று மகன்கள். மூத்தவர் பீட்டர், 1933-ல் பிறந்தவர். நடுவில் நம் கதாநாயகன் டான், 1935 அக்டோபர் 15 அன்று பிறந்தார். கடைக்குட்டி நீல், பிறந்தது 1939-ல். ஃபாக்ஸ் என்றால் நரி இல்லையா? மூன்று நரிகள் வளர்ந்தால் வீடு எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்!

மூன்று பேருமே பெரிய ஆட்டக்காரர்கள் ஆனார்கள். ஒரே வீட்டிலிருந்து மூன்று பேர்!

அந்தக் காலத்தில் ரக்பி லீக் ஆடுகிறவர்களுக்கு இன்றைய கிரிக்கெட் வீரர்கள் போலக் கோடிகள் கிடைக்காது. ஆடினால் கொஞ்சம் பணம் வரும், அதை வைத்துக் குடும்பம் நடத்த முடியாது. எனவே பெரும்பாலானவர்கள் வாரம் முழுவதும் வேறு வேலை பார்ப்பார்கள். டானும் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். வேலை முடிந்து சாயங்காலம் பயிற்சி. சனிக்கிழமை ஆட்டம். அதில் அடிபட்டு, கண் வீங்கி, கால் நொண்டினாலும் திங்கட்கிழமை வேலைக்குப் போயாக வேண்டும். 'மிஸ், எனக்குக் கால் வலி, நாளைக்கு லீவு' என்றெல்லாம் லெட்டர் எழுத முடியாது!

1953-ல் டான், ஃபெதர்ஸ்டோன் ரோவர்ஸ் என்ற கிளப்பில் சேர்ந்தார். ஃபெதர்ஸ்டோனும் சுரங்க ஊர்தான். சின்ன ஊர். ஆனால் பெரிய நகரத்து அணிகளை எல்லாம் கதி கலங்கவைத்த அணி.

அங்கே அவர் ஆடிய இடம் 'ஸ்க்ரம் ஹாஃப்'. இதைக் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். ஸ்க்ரம் என்றால் இரண்டு அணியிலிருந்தும் தடித்தடியான ஆட்கள் தோளோடு தோள் கோத்துக் குனிந்து ஒருவரை ஒருவர் தள்ளுவது. அந்தக் கால் காட்டுக்குள்ளிருந்து பந்து வெளியே வரும். வந்த வேகத்தில் அதை எடுத்து, யாருக்குக் கொடுப்பது, தானே ஓடுவதா, உதைப்பதா என்று கண் இமைப்பதற்குள் முடிவு செய்ய வேண்டியவர்தான் ஸ்க்ரம் ஹாஃப். இவருக்குப் பலத்தைவிடப் புத்தி முக்கியம். கொடுப்பது போல் கொடுக்காமல் ஓட வேண்டும். இடது பக்கம் பார்த்துக்கொண்டே வலது பக்கம் எறிய வேண்டும். சுருக்கமாகச் சொன்னால் நரித்தனம் வேண்டும். பெயருக்கு ஏற்ற வேலைதான்!

டான் அதில் கில்லாடி. ஃபெதர்ஸ்டோனுக்காக 12 ஆண்டுகள் ஆடி 162 ட்ரைகள் எடுத்தார். அந்த கிளப்பின் வரலாற்றில் அதுவரை யாரும் அவ்வளவு எடுத்ததில்லை. ஸ்க்ரம் ஹாஃப் ஆடுகிறவர் பெரும்பாலும் மற்றவர்கள் ட்ரை எடுக்க வழி செய்து கொடுப்பவர். அவரே இத்தனை எடுத்தார் என்பதுதான் ஆச்சரியம். 1959-ல் யார்க்ஷயர் கோப்பையும் ஃபெதர்ஸ்டோனுக்குக் கிடைத்தது. 1962-ல் ஆஸ்திரேலியா, நியூசிலாந்து பயணம் போன பிரிட்டன் அணியில் டானுக்கு இடம் கிடைத்தது. தம்பி நீலும் கூடப் போனார். 1963-ல் ஆஸ்திரேலியாவுக்கு எதிராக டான் ஒரு டெஸ்ட் ஆட்டமும் ஆடினார். ஒன்றே ஒன்றுதான். அப்போது பிரிட்டனில் ஸ்க்ரம் ஹாஃப் ஆட அலெக்ஸ் மர்ஃபி என்ற சூரர் இருந்தார். அவர் இருக்கும்போது வேறு யாருக்கும் அந்த இடம் சுலபமாகக் கிடைக்காது. பாவம்தான்!

அண்ணன் பீட்டரும் ஃபெதர்ஸ்டோனில் ஆடியவர். ஆனால் தம்பி நீல் மட்டும் 1956-ல் பக்கத்து நகரமான வேக்ஃபீல்டுக்குப் போய்விட்டார். வேக்ஃபீல்டு டிரினிட்டி என்பது அந்த கிளப்பின் பெயர். 1873-ல் ஒரு தேவாலயத்து இளைஞர்கள் ஆரம்பித்தது. அங்கே நீல் உதைத்த உதைகள் கொஞ்சநஞ்சமல்ல. தன் ஆட்ட வாழ்க்கை முடிவதற்குள் அவர் எடுத்த மொத்தப் புள்ளிகள் 6,220. உலக சாதனை!

அதனால் ஃபாக்ஸ் வீட்டில் ஒரு சங்கடம். அண்ணன் ஒரு அணி, தம்பி ஒரு அணி. 1962-ல் 'சேலஞ்ச் கோப்பை' அரையிறுதியில் இரண்டு கிளப்புகளும் மோதின. சேலஞ்ச் கோப்பைதான் ரக்பி லீக்கின் பெரிய திருவிழா. அதன் இறுதி ஆட்டம் 1929-லிருந்து வெம்ப்ளியில் நடந்துவந்தது. வடக்கத்தித் தொழிலாளிகள் ரயில் ரயிலாக, பஸ் பஸ்ஸாக லண்டனுக்குக் கிளம்பி வருவார்கள். வெம்ப்ளியில் ஒரு முறையாவது ஆட வேண்டும் என்பது ஒவ்வொரு ஆட்டக்காரரின் கனவு. அந்த அரையிறுதியில் வேக்ஃபீல்டு 9-0 என்று ஜெயித்தது. தம்பியின் அணி வெம்ப்ளி போனது. கோப்பையையும் தூக்கிக்கொண்டு வந்தது. அண்ணனின் அணி வீட்டுக்குப் போனது.

அண்ணன் தம்பி ஒன்று சேர்ந்தார்கள்

1965-ல் டான் தம்பி இருந்த வேக்ஃபீல்டுக்கே மாறினார். அப்போது அவருக்குச் சுமார் 30 வயது. ரக்பியில் அது ஓய்வைப் பற்றி யோசிக்க ஆரம்பிக்கும் வயது. பழைய வேகம் குறைந்திருந்தது. அதற்காக அவர் மூலையில் உட்காரவில்லை. பின்வரிசையிலிருந்து முன்வரிசைக்கு வந்தார்! ஸ்க்ரம்மில் முட்டித் தள்ளும் 'ப்ராப்' ஆக மாறினார். வகுப்பிலேயே சுறுசுறுப்பான குட்டிப் பையன் திடீரென்று பயில்வான்கள் வரிசையில் போய் நின்றது போல! ஆனால் ஸ்க்ரம் ஹாஃப் புத்தி எங்கே போகும்? பயில்வான்களுக்கு நடுவே நின்றுகொண்டு, பந்தை யாரும் எதிர்பாராத இடத்துக்கு அனுப்புவார். உதைத்தால் நினைத்த இடத்தில் விழும்.

(இடையில் ஒரு தகவல். 1963-ல் 'திஸ் ஸ்போர்ட்டிங் லைஃப்' என்று ஒரு பிரபலமான ஆங்கிலப் படம் வந்தது. அதில் வரும் ரக்பி காட்சிகளைப் படம் பிடித்தது வேக்ஃபீல்டு அணியின் சொந்த மைதானத்தில்தான்.)

1967-ல் வேக்ஃபீல்டு முதல் முறையாக லீக் சாம்பியன் பட்டம் வென்றது. கிளப் ஆரம்பித்து 94 ஆண்டுகளுக்குப் பிறகு! 1968 மே 4 அன்று மறுபடியும் சாம்பியன். சரியாக ஒரு வாரம் கழித்து வெம்ப்ளியில் சேலஞ்ச் கோப்பை இறுதி ஆட்டம். அதையும் ஜெயித்துவிட்டால் ஒரே ஆண்டில் இரண்டு கோப்பைகள். டானுக்கோ 32 வயதில் முதல் முறையாக வெம்ப்ளி கனவு பலிக்கிறது!

ஒரே ஒரு குறை. தம்பி நீலுக்குக் காயம். ஆட முடியவில்லை. அணியில் கோல் உதைகளை உதைப்பவர் அவர்தானே! அந்தப் பொறுப்பு அண்ணன் தோளில் விழுந்தது.

மைதானமா, குளமா?

எதிர் அணி லீட்ஸ். வேக்ஃபீல்டுக்குப் பக்கத்து நகரம். பக்கத்து வீட்டுக்காரர்கள் இரண்டு பேர் லண்டன் வரை போய்ச் சண்டை போட்ட மாதிரி!

ஆட்டம் தொடங்குவதற்கு முன்பே இடி, மழை. கொட்டித் தீர்த்தது. ஆட்டம் நடக்கும்போது மறுபடியும் கொட்டியது. வெம்ப்ளி புல்தரை என்றால் பட்டுக் கம்பளம் போல இருக்கும் என்பார்கள். அன்று அது நெல் நாற்று நடத் தயாராக இருந்தது! ஓடினால் சளக், சளக் என்று தண்ணீர் தெறித்தது. ஒருவரை மடக்கினால் இருவரும் சேர்ந்து பல அடி தூரம் சறுக்கிக்கொண்டே போனார்கள். நின்று திரும்ப நினைத்தவர் உட்கார்ந்து எழுந்தார். அந்த ஆட்டத்துக்கு இன்று வரை 'தண்ணீர் தெறித்த இறுதி ஆட்டம்' என்றுதான் பெயர்.

இப்படிப்பட்ட தரையில் ஆடவே கூடாது, வேறு நாளைக்குத் தள்ளி வைத்திருக்க வேண்டும் என்பது என் கட்சி. ஆனால் 87,100 பேர் டிக்கெட் வாங்கி, ஊர் விட்டு ஊர் வந்து உட்கார்ந்திருக்கிறார்கள். யார் போய்ச் சொல்வது?

வேக்ஃபீல்டின் கென் ஹர்ஸ்ட் முதல் ட்ரை எடுத்தார். டான் அதைக் கன்வர்ஷன் ஆக்கினார். ஒரு பெனால்டியையும் உள்ளே அனுப்பினார். லீட்ஸ் பக்கம் பெவ் ரிஸ்மன் இரண்டு பெனால்டிகள். இடைவேளையில் வேக்ஃபீல்டு 7, லீட்ஸ் 4.

இரண்டாம் பாதியில் ஒரு தகராறு. லீட்ஸின் ஜான் அட்கின்சன் பந்தைத் துரத்திக்கொண்டு கோட்டை நோக்கி ஓடினார். அவரைத் தடுத்தது தப்பாட்டம் என்று நடுவர் விசிலை ஊதினார். தடுக்காமல் இருந்திருந்தால் ட்ரை எடுத்திருப்பார் என்று, எடுக்காத ட்ரைக்கே 3 புள்ளிகள் கொடுத்துவிட்டார்! 'யாருமே நிற்க முடியாத தரையில் இவர் எப்படி ட்ரை எடுத்திருப்பார்?' என்று வேக்ஃபீல்டு ரசிகர்கள் பல ஆண்டுகள் புலம்பினார்கள். ரிஸ்மன் கன்வர்ஷன் உதைத்தார். லீட்ஸ் 9, வேக்ஃபீல்டு 7. கடைசி நேரத்தில் ரிஸ்மன் இன்னொரு பெனால்டி. 11-7. அவ்வளவுதான், முடிந்தது என்று லீட்ஸ் ரசிகர்கள் குதித்தார்கள்.

இந்தக் களேபரத்துக்கு நடுவே டான் ஃபாக்ஸ் என்ன செய்துகொண்டிருந்தார் தெரியுமா? அன்றைக்கு மைதானத்திலேயே பிரமாதமாக ஆடிக்கொண்டிருந்தவர் அவர்தான்! வழுக்கும் பந்தை உதைத்து உதைத்து லீட்ஸ் அணியைப் பின்னுக்குத் தள்ளினார். அந்தச் சேற்றிலும் அவர் கணக்குத் தப்பவில்லை. இறுதி ஆட்டத்தின் சிறந்த ஆட்டக்காரருக்கு 'லான்ஸ் டாட் கோப்பை' என்று ஒரு பரிசு உண்டு. அதைப் பத்திரிகையாளர்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுப்பார்கள். ஆட்டம் முடிவதற்குள்ளேயே ஓட்டுகள் விழுந்துவிடும். அன்று ஜெயித்த பெயர் டான் ஃபாக்ஸ்.

அந்த உதை

11-7. இன்னும் சில விநாடிகள்தான். வேக்ஃபீல்டு நடுவிலிருந்து பந்தை உதைத்து ஆட்டத்தைத் தொடங்கியது. பந்து ஈரப் புல்லில் சறுக்கிக்கொண்டு போனது. லீட்ஸ் ஆட்டக்காரர்கள் எடுக்கப் பாய்ந்து வழுக்கினார்கள். கென் ஹர்ஸ்ட் புகுந்தார். பந்தைக் கையில் எடுக்கவே இல்லை. காலாலேயே தட்டிக்கொண்டு, கால்பந்து ஆடுவது போல ஓடினார். கோல் கம்பங்களுக்கு நடுவே பந்தின் மேல் விழுந்தார். ட்ரை! 11-10!

மைதானமே எழுந்து நின்றது. இனி மிச்சம் கன்வர்ஷன் மட்டும். ட்ரை எடுத்த இடத்துக்கு நேராகத்தான் கன்வர்ஷன் உதைக்க வேண்டும். மைதானத்தின் ஓரத்தில் ட்ரை எடுத்தால் உதைப்பவர் பாடு திண்டாட்டம். ஆனால் ஹர்ஸ்ட் எடுத்ததோ கம்பங்களுக்கு நடுவே. இதைவிடச் சுலபமான உதை கிடையவே கிடையாது. உள்ளே போனால் 12-11. வேக்ஃபீல்டுக்குக் கோப்பை!

டான் பந்தை வைத்தார். சில அடிகள் பின்னால் போனார். ஓடி வந்தார். உதைத்தார்.

பந்து கம்பங்களுக்கு நடுவே போகவில்லை. பக்கவாட்டில் விலகிப் போய்விட்டது.

நடுவர் ஆட்டம் முடிந்ததாக விசில் ஊதினார். லீட்ஸ் 11, வேக்ஃபீல்டு 10. டான் அங்கேயே தரையில் சரிந்தார். டிவியில் வர்ணனை செய்துகொண்டிருந்தவர் எட்டி வேரிங். அவரும் யார்க்ஷயர்காரர். எத்தனையோ ஆட்டங்களைப் பார்த்தவர். அவர் வாயிலிருந்து 'பாவம் பையன்' என்ற வார்த்தைதான் வந்தது. 32 வயது ஆள் அந்த நிமிஷத்தில் அவருக்குப் பையனாகத் தெரிந்தார்.

ஏன் அப்படி ஆனது? யோசித்துப் பார்ப்போம். பந்தை உதைக்கும்போது நாம் கவனிப்பது உதைக்கிற காலை. ஆனால் உடம்பின் எடை முழுவதையும் தாங்குவது தரையில் ஊன்றிய இன்னொரு கால். அது நகராமல் நின்றால்தான் உதைக்கிற கால் குறி பார்த்த இடத்தில் படும். ஈரத் தரையில் செருப்புக்கும் தரைக்கும் நடுவே உராய்வு குறைந்துவிடும். ஊன்றிய கால் ஒரு விரல் அளவு வழுக்கினாலும், உதைக்கிற கால் பந்தின் நடுவில் படாமல் ஓரத்தில் படும். உருண்டைப் பந்தாக இருந்தாலாவது ஓரளவு மன்னிக்கும். முட்டை வடிவப் பந்து மன்னிக்காது! அப்போதெல்லாம் பந்து தோலால் செய்தது. மழைத் தண்ணீரைக் குடித்துக் குடித்துக் கனத்துப் போயிருக்கும். இன்று உதைப்பவர்கள் பந்தை நிற்க வைக்க பிளாஸ்டிக் தாங்கி வைத்துக்கொள்கிறார்கள். அன்று ஷூவின் குதிகாலால் மண்ணைக் கிளறி, அந்தப் பள்ளத்தில் பந்தை நிறுத்த வேண்டும். மண்ணே சேறாக இருந்தால்? (சோப்புத் தண்ணீர் கொட்டிய குளியலறையில் இதைச் செய்து பார்க்காதீர்கள். அம்மாவிடம் என்னை மாட்டிவிடாதீர்கள்!)

அப்புறம்?

கோப்பை லீட்ஸுக்குப் போனது. லான்ஸ் டாட் கோப்பை டானுக்கு வந்தது. ஆட்டத்திலேயே சிறந்தவருக்கான பரிசைக் கையில் வைத்துக்கொண்டு, ஆட்டத்தைத் தோற்ற வருத்தத்தில் நிற்க வேண்டிய நிலைமை. அந்தப் பரிசை வாங்கும்போது ஒருவர் எப்படிச் சிரிப்பார், சொல்லுங்கள்?

டான் ஓடி ஒளியவில்லை. அடுத்த பருவத்திலும் வேக்ஃபீல்டு சட்டையைப் போட்டுக்கொண்டு வந்தார். 1970 வரை ஆடினார். ஆனால் அந்த உதை அவரை விடவில்லை. டிவியில் பழைய விளையாட்டுக் காட்சிகளைப் போடும்போதெல்லாம் அதைப் போட்டார்கள். 162 ட்ரைகளில் ஒன்றைக் கூடப் பார்த்திராதவர்கள், அந்த ஒரு உதையைப் பலமுறை பார்த்தார்கள். ரக்பி லீக் என்றால் என்னவென்றே தெரியாதவர்களும் 'ஓ, அந்தக் கோலை விட்டவரா?' என்றார்கள். எனக்குக் கேட்டால், கொஞ்சம் அநியாயம்தான். டிவி வராத காலமாக இருந்திருந்தால், அன்று மைதானத்தில் இருந்தவர்களோடு அது போயிருக்கும்.

நீல் 1979 வரை ஆடினார். பீட்டர் பயிற்சியாளராகப் பெரிய பெயர் எடுத்தார். 1973-ல் அவர் பயிற்சி கொடுத்த ஃபெதர்ஸ்டோன் அணி அதே வெம்ப்ளியில் சேலஞ்ச் கோப்பையை வென்றது. பிரிட்டன் அணிக்கும் அவர் பயிற்சியாளராக இருந்தார். டான் 2008 ஆகஸ்ட் 21 அன்று, 72 வயதில் இறந்தார். இங்கிலாந்துப் பத்திரிகைகள் அஞ்சலி எழுதின. எல்லாவற்றிலும் அந்த உதை இடம்பிடித்திருந்தது. மழை பெய்த ஒரு சனிக்கிழமை மறுபடியும் வந்து நின்றது.

சரி, முதலில் மனதில் வைத்துக்கொள்ளச் சொன்னேனே, அந்த 3, 2 கணக்கு? இப்போது பேனாவை எடுங்கள்.

1983-லிருந்து ஒரு ட்ரைக்கு 3 அல்ல, 4 புள்ளிகள். அந்தப் புதுக் கணக்கை 1968 ஆட்டத்துக்குப் போட்டுப் பாருங்கள். வேக்ஃபீல்டு: 2 ட்ரை, 2 கோல். லீட்ஸ்: 1 ட்ரை, 4 கோல். கூட்டுங்கள். இரண்டும் 12! டான் கோட்டை விட்ட பிறகும் ஆட்டம் சமம்! விதியை மாற்ற 15 ஆண்டுகள் தாமதமாகிவிட்டது.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. அன்று வேக்ஃபீல்டு எடுத்தது 10 புள்ளிகள். ஹர்ஸ்டின் இரண்டு ட்ரைகள் 6 புள்ளிகள். மிச்சம் 4? அதே மழையில், அதே சேற்றில், அதே காலால் டான் ஃபாக்ஸ் உள்ளே அனுப்பிய இரண்டு உதைகள்.

லான்ஸ் டாட் கோப்பை வாங்கியவர்களின் பட்டியல் 1946-ல் தொடங்குகிறது. அதில் 1962-க்கு நேரே நீல் ஃபாக்ஸ், வேக்ஃபீல்டு என்று இருக்கும். ஆறு வரி கீழே வந்தால் 1968. அங்கே டான் ஃபாக்ஸ், வேக்ஃபீல்டு.